கூத்தனாற்றுக்குத் திரும்பி வந்த மழைகள்

கூத்தனாற்றுப் படுகையில் பழைய மழைகள் திரும்பி வரத் தொடங்கிய அந்த ஐப்பசியில், முதலில் வந்தது பஞ்சம் வந்த ஒரு வருஷத்தின் சின்ன மழை. அது கீழமதகு ஊரின் மேல் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இறங்கி, ஓடுகளை அரைகுறையாக நனைத்து, பஸ் நிற்கும் வாகைமரத்தடியில், எப்போதோ அந்த வழியை விட்டுப் போய்விட்ட ஒரு பஸ்ஸின் கண்டக்டர் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூவுகிற குரலைக் கொண்டுவந்து போட்டது. கண்டக்டர் செத்துப் பல காலம் ஆகியிருந்தது. பஸ்ஸும் இல்லை. ஆனாலும் குரலைக் கேட்ட பழக்கத்தில் இரண்டு பேர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓடி, வெறும் மழையில் நின்று, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, டீக்கடைக்குத் திரும்பினார்கள்.

அடுத்த மழை கொஞ்சம் பெரிதாக வந்தது. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம் பெரிது. ஒவ்வொன்றும், தான் முதன்முதலில் பெய்த நாளில் தன்னடியில் நனைந்துகொண்டு யார் எங்கே நின்று என்ன சொன்னார்களோ அதை அதே இடத்தில் திரும்பவும் சொட்டிக் காட்டிவிட்டுப் போயிற்று; கூரைக்குள் பேசியது எதுவும் வரவில்லை, வெட்டவெளியில் பேசியது மட்டும் வந்தது; குடையைப் பிடித்தால் குரல் துணியில் பட்டு மங்கியது. ஆகவே கீழமதகில் குடைகள் மடங்கின. பள்ளிவாசல் முற்றத்தில், கரண்ட் இல்லாத ஏதோ ஒரு பழைய சாயங்காலத்தில் மழையில் நின்று வெறுந்தொண்டையால் பாங்கு சொன்ன பழைய மோதினாரின் குரல் வந்தபோது, இப்போதைய மோதினார் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு அது முடிகிறவரை தலைகுனிந்து நின்றுவிட்டுப் பிறகுதான் தன் பாங்கைத் தொடங்கினார். வாய்க்கால் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த அண்ணனும் தம்பியும், அதே வாய்க்காலில் கெளுத்தி மீன் பிடித்துக்கொண்டு கத்திய தங்கள் சின்ன வயதுக் குரல்களை ஆளுக்கொரு கரையில் நின்று கேட்டார்கள். ரைஸ்மில்லுக்குப் பின்பக்கம் தன் செத்துப்போன புருஷன் வேறொருத்தியோடு சிரித்துக்கொண்டிருந்ததைக் கேட்ட ஒரு பெண், அன்று ஊரிலேயே குடை பிடித்த ஒரே ஆளாக அங்கே நின்று, மழை வெறிக்கிறவரை அவனை வைது தீர்த்தாள். பம்பாயிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சனங்கள் ரயிலேறி வந்தார்கள். ஊர் முழுக்க ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. இருமிக்கொண்டே நனைந்தார்கள்.

இந்த மழைகள் எந்த ஒழுங்கில் வருகின்றன என்பதைக் கண்டுகொண்டவள் செண்பகவல்லி. பக்கத்து டவுன் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவள். அந்தப் படுகையில் ஒவ்வொரு வருஷமும் ஒரே நாளில் கொட்டிய மிகப் பெரிய மழை எது, அந்தப் பெரிய மழைகள் வரவரப் பெரிதாகிக்கொண்டு வருகின்றனவா, அல்லது நம் பயம்தான் அப்படிச் சொல்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் வேலையை அவள் தானாகக் கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்காகச் செய்துகொண்டிருந்தாள். எதற்காகக் கேட்டு வாங்கினாள் என்று ஊரில் யாரும் அவளிடம் கேட்டதில்லை, எல்லாருக்கும் தெரியும். மழைமானிகளிலிருந்து வந்த புது அளவுகள் பழைய அளவுகளோடு புள்ளி பிசகாமல் ஒத்துப்போனதைப் பார்த்து, மேலிடத்தில் இருந்தவர்கள் கருவி கெட்டுவிட்டது என்று ஆளனுப்பிக் கழற்றி மாட்டினார்கள். செண்பகவல்லி கருவியைச் சந்தேகப்படவில்லை. தன் கம்ப்யூட்டரில் அத்தனை வருஷத்துப் பெரிய மழைகளையும் சின்னதிலிருந்து பெரிது வரை அடுக்கிவைத்திருந்தாள். வானமும் அதே அடுக்கில் இறக்கிக்கொண்டிருந்தது.

அதைக் கண்டுகொண்ட அன்று சாயங்காலம் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டே அவள் தன் புருஷன் ஆவுடையப்பனிடம் சொன்னாள். "வருஷ வரிசையில வரல. சின்னதுல இருந்து பெருசுக்கு ஏறி வருது."

ஆவுடையப்பன் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். விரலிடுக்கில் கிரீஸ் போகாத கையால் தோசையைப் பிய்த்தவன், பிய்த்தபடியே நிறுத்தினான்.

"அப்போ அந்த மழை?"

"கடைசியா வரும்."

மறுநாள் ஆவுடையப்பன் கடையைத் திறக்காமல், முற்றத்துக்கு மேல் பிற்பாடு போட்டிருந்த தகரக் கூரையை ஒற்றை ஆளாக ஏறி நின்று கழற்றினான். ஆணிகளை ஒரு டப்பாவில் போட்டு மூடினான். முற்றம் வானத்துக்குத் திறந்துகொண்டது.

அந்த மழை என்றால் எது என்று அந்த ஊரில் யாரும் விளக்க வேண்டியதில்லை. மதகுத் தெரு என்று ஆற்றை ஒட்டிப் பள்ளத்தில் ஒரு தெரு. பல வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் விடிகாலையில் பிடித்த மழை விடாமல் பெய்து, மேலே இருக்கும் பெரிய குளத்தின் கரை உடைந்து, மத்தியானம் சாய்கிற நேரத்தில் அந்தத் தெருவைத் தண்ணீர் வாரிக்கொண்டு போனது. செண்பகவல்லிக்கும் ஆவுடையப்பனுக்கும் இருந்த ஒரே பிள்ளை கோமதி, நாலு வயது, கோமு என்பார்கள். அன்றைக்கு அவளைப் பக்கத்து வீட்டு மசூதுவிடம் விட்டுவிட்டு, இவன் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கடைக்கும் இவள் பரீட்சை வேலைக்கும் போயிருந்தார்கள். மசூதுவின் மனைவி மைதீன் பாத்து உடம்பு சரியில்லாத தன் தாயாரோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். தண்ணீர் வந்தபோது மசூது பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் மேற்கே ஓடியதைப் பார்த்தவர்கள் உண்டு. பிள்ளை சத்தம் போட்டதைக் கேட்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அந்த மாதிரி ஒருவராவது உண்டு. தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் திரும்ப அங்கேயே சுவரெழுப்பிக் குடிவந்தார்கள். விட்டுப் போனால் அவர்களை விட்டுப் போன மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

கடைசி மழை வருகிறது என்ற செய்தி பரவியபோது மதகுத் தெரு கல்யாண வீடு மாதிரி ஆயிற்று. வாசலில் கிடந்த கல்லையும் கட்டையையும் அப்புறப்படுத்தினார்கள், ஊஞ்சலைக் கழற்றினார்கள், நாய்களைச் சொந்தக்காரர் வீடுகளில் கொண்டுபோய்க் கட்டினார்கள், குலைத்தால் கேட்காமல் போய்விடும் என்று. மைதீன் பாத்து தன் வீட்டு முன்னால் தெருவில் நீளமாக ஒரு பாயை விரித்துப் பார்த்து, எங்கே உட்கார்ந்தால் எது வரை கேட்கும் என்று அளவெடுத்தாள்.

செண்பகவல்லிக்குத் தூக்கம் போயிற்று. அவள் போட்ட கணக்கு வேறு. மழை அதே மழைதான், மில்லிமீட்டர் மாறாது. ஆனால் விழுகிற தரை அதே தரை இல்லை. குளத்துக்கு மேலே இருந்த வயலெல்லாம் மனைகளாகி சிமெண்டு பூசிக்கொண்டிருந்தது, ஆற்றின் இடுப்பை நாலுவழிச் சாலை இறுக்கியிருந்தது, மழையைக் குடித்துவந்த மண் இனிமேல் குடிக்காது. அன்றைக்கு இடுப்பளவு ஏறிய இடத்தில் இன்றைக்குக் கூரை மூழ்கும். அதோடு, பெரிய மழைகள் வரவரப் பெரிதாகின்றனவா என்ற அவளுடைய பழைய கேள்விக்கும் விடை வந்திருந்தது. ஆமாம் என்பதுதான் விடை.

அவள் தாசில்தாரைப் போய்ப் பார்த்தாள். அமலோற்பவம் என்று பெயர், வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திரும்பி வர்ற மழைன்னு நான் மேல எழுத முடியாதும்மா. கனமழை எச்சரிக்கைன்னு எழுதிக்கறேன். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு பண்றேன். ஆனா உங்க ஜனங்க எந்திரிச்சு வருவாங்களா?"

"நான் பேசுதேன்" என்றாள் செண்பகவல்லி.

பள்ளிக்கூட மைதானத்தில் தெரு கூடியது. அவள் தண்ணீர் எங்கே வரை ஏறும் என்று பள்ளிக்கூடச் சுவரைக் காட்டிக் காட்டிச் சொன்னாள், தண்ணீர் எட்டாத இடம் தண்டவாளம் போகிற ரயில் மேடு ஒன்றுதான் என்றாள். யாரும் மறுக்கவில்லை. அவள் கணக்கு தப்பாது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் யாரும் அசையவில்லை. கடைசியில் மைதீன் பாத்து எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"நீ சொல்லுதது எல்லாம் நெசம்தான் செம்பகம். தண்ணி ஏறும், நாங்க இருந்தா செத்துப் போவோம். ஆனா அவுக கூப்பிடுவாவல்ல? அன்னைக்கும் கூப்பிட்டப்போ நான் இல்ல. இந்தத் தடவையும் ஆளில்லாத தெருவுல நின்னு கூப்பிடணுமா அவுக?"

மைதானம் விம்மியது.

"எம்பிள்ளையும் கூப்பிடுவா பாத்தக்கா" என்றாள் செண்பகவல்லி. "எனக்குத் தெரியும். இருந்தும் நான் போறேன். ரயில் மேட்டுக்குப் போறேன்."

அந்தத் தெருவில் ஆண்டுக்கணக்காகப் பெரிய மழையையே நினைத்துக்கொண்டிருந்த ஒருத்தி உண்டென்றால் அது அவள்தான். அவளே போகிறாள் என்றதும், முதலில் கைக்குழந்தைக்காரிகள் எழுந்தார்கள், பிறகு அவர்களுடைய புருஷன்மார், பிறகு அழுதுகொண்டே மற்றவர்கள். மைதீன் பாத்து எல்லாருக்கும் கடைசியாகப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஆவுடையப்பனும் பையைத் தூக்கிக்கொண்டு அவளோடுதான் ரயில் மேட்டுக்கு வந்தான். சரக்குக் கொட்டகையில் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தான். விடியும்போது மழை பிடித்தது; பிடித்த மாத்திரத்தில் எல்லாருக்கும் அது எது என்று தெரிந்துவிட்டது, அந்த மழையின் வாசனையை மறந்தவர்கள் அங்கே இல்லை. செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். பை இருந்தது, அவன் இல்லை.

அவள் யாரிடமும் சொல்லாமல் இறங்கி நடந்தாள். மதகுத் தெருவில் கணுக்காலளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கூரை கழற்றிய முற்றத்தின் நடுவில், துவைகல்லின் மேல் அவன் உட்கார்ந்திருந்தான், சொட்டச் சொட்ட நனைந்து. அவளைப் பார்த்ததும் உதட்டின் மேல் விரலை வைத்தான்.

மழைக்குள்ளிருந்து கோமு பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, தவக்களப்பா! இங்க பாரு, தவக்கள! அது என்னையவே பாக்கு!"

அதற்குப் பின்னால் ஒரு வாலிபன் சிரித்தான். அந்தச் சிரிப்பு யாருடையது என்று செண்பகவல்லிக்கு ஒரு நொடி விளங்கவில்லை, பிறகு விளங்கியது, துவைகல்லில் உட்கார்ந்திருக்கிறவனுடையதுதான். அதே மழையில், முற்றத்து ஓரத்திலிருந்து, அவளே அதட்டினாள்: "ரெண்டு பேரும் உள்ள வாங்க! காய்ச்சல் வந்தா நானா லீவு போட்டுட்டுப் பாக்குதது?" பிள்ளை "தவக்களைக்கும் காய்ச்சல் வருமா?" என்று கேட்டது. இளம் பெண்ணாயிருந்த அவள் பதில் சொல்லவில்லை, அவசரத்தில் இருந்திருப்பாள்.

செண்பகவல்லி துவைகல்லில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. பிள்ளை தவளைக்குப் பேர் வைத்தாள், அதை அதட்டினாள், அது தாவிப் போய்விட்டதென்று அழுதாள், பிறகு மறந்துவிட்டாள்.

"கெளம்புங்க" என்றாள் செண்பகவல்லி.

"நீ போ."

"நீங்க இங்க இருந்தாலும் அவளுக்குத் தெரியப் போறதில்ல."

"எனக்குத் தெரியும்ல" என்றான் அவன். "அவ அப்பான்னு கூப்பிட்டா, ஆமான்னு சொல்ல நான் இருந்தேன்னு எனக்குத் தெரியும்ல செம்பகம்."

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் கல்லோடு கல்லாக இருந்தான். அவளுக்கு அவனை அடிக்க வேண்டும் போலவும் அவன் மடியில் தலைவைத்து அப்படியே கிடந்துவிட வேண்டும் போலவும் இருந்தது. கிடந்துவிட்டால் என்ன? ஒரு சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அவள் கைப்பிடி தளர்ந்தது.

அப்போது வாசலுக்கு வெளியே, தெருவில், மழைக்குள்ளிருந்து மசூதுவின் குரல் கேட்டது: "நீங்க போய்ட்டு வாங்க, பிள்ள எங்கூட இருக்கட்டும். வா கோமு, மாமா உனக்குக் கடலமிட்டாய் தருதேன்." பிள்ளை "டாட்டா" என்றது, அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. பிறகு அந்த இளம் புருஷனும் பெண்சாதியும் பேசிக்கொண்டே தெருவில் நடக்கத் தொடங்கினார்கள். தேங்காய் தீர்ந்துவிட்டது என்றாள் அவள். அக்கரையில் மட்டையோடு கிடைக்கும், வாங்கி வருகிறேன் என்றான் அவன். பிள்ளைக்குச் செருப்பு சின்னதாகிவிட்டது என்றாள் அவள். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றான்.

குரல்கள் விலகிக்கொண்டே போயின. ஆவுடையப்பன் தலையைத் திருப்பிக் கேட்டான். அவை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனதும், விட்டுவிடுவோமோ என்று பயந்தவன் மாதிரி எழுந்தான். செண்பகவல்லி அவன் கையை விடவில்லை. தொடையளவு தண்ணீரில் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு, தேங்காயும் செருப்பும் பேசிக்கொண்டு முன்னால் போகிற அந்த இரண்டு பேருக்குப் பின்னாலேயே அவர்கள் மதகுத் தெருவின் நீளத்தையும் நடந்தார்கள். தெரு முடிகிற இடத்தில் அந்த இளம் புருஷன் பாலத்துப் பக்கமும் பெண்சாதி பஸ் பக்கமுமாகப் பிரிந்து போனார்கள். "பாத்துப் போ" என்றது அவன் குரல். இவர்கள் பிரியாமல் ரயில் மேட்டுக்கு ஏறினார்கள்.

குளத்தின் கரை மத்தியானத்துக்கெல்லாம் போயிற்று. மேட்டிலிருந்து பார்த்தபோது தண்ணீர் அவசரமில்லாமல் வந்தது போல் இருந்தது. வந்து, மதகுத் தெருவுக்குள் புகுந்து, வாசற்படிகளை மூடி, ஜன்னல்களை மூடி, ஓடுகளைத் தொட்டது. பிறகு அந்தச் சத்தம் எழுந்தது. கீழே ஆளில்லாத தெருவில் மழையிலிருந்து ஒரு தெருவே கூப்பிட்டது. அவ்வளவு தூரத்தில் எந்தக் குரல் யாருடையது என்று பிரித்துக் கேட்க முடியவில்லை; சந்தைக்கடை இரைச்சல் மாதிரி கலந்து வந்தது. மேட்டில் நின்றவர்கள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, தங்களுடைய ஒரு குரலைத் தேடித் தவித்தார்கள். கிடைக்கவில்லை. ஆவுடையப்பன் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான்.

மைதீன் பாத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேட்டின் விளிம்புக்குப் போனாள். முக்காடு நழுவியதைக் கவனிக்கவில்லை. தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தினாள்.

"ஏங்க! நான் இங்கதான் இருக்கேன்! கேட்டிச்சா? பிள்ளைய விட்டுராதீங்க! பிள்ளைய விட்டுராதீங்க!"

பிறகு ஒரு கிழவர் தன் மகன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒருத்தி அம்மா என்றாள். அதன் பிறகு மேடு முழுவதும் கூப்பிட்டது. ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் பேரைச் சொல்லி, இங்க இருக்கோம், இங்க இருக்கோம் என்று கத்தினார்கள். பம்பாய்க்காரர்கள் கத்தினார்கள். அந்தத் தெருவில் யாரையும் இழக்காத தாசில்தார் அமலோற்பவமும், யார் பேரைச் சொல்வதென்று தெரியாமல், இருக்கோம், இருக்கோம் என்று மட்டும் கத்தினார். ஆவுடையப்பன் எழுந்து நின்றான்.

"கோமூ! அப்பா இருக்கேன்! மாமா தோளக் கெட்டியாப் பிடிச்சுக்கம்மா! விட்டுராத! கோமூ!"

செண்பகவல்லி கூடவே கத்தினாள். என்ன கத்தினாள் என்று பிற்பாடு அவளுக்கு நினைவில்லை. குரல் கட்டிப்போய் வெறும் காற்று வருகிறவரை கத்தினாள். கீழேயிருந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக நைந்து, ஒரு குரலாகி, அதுவும் நின்றது. வெறும் தண்ணீர்ச் சத்தம் மிஞ்சியது. மழை விட்டது.

அந்த வெள்ளத்தில் மதகுத் தெருவில் ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. ஓர் உயிரும் போகவில்லை. தெருக்காரர்களுக்கு ரயில் மேட்டுக்குப் பின்னால் நிலம் ஒதுக்கினார்கள். தகரக் கொட்டகைகளில் குடியேறினார்கள். மைதீன் பாத்துவின் கொட்டகை இவர்களுடையதற்கு அடுத்தது. குரல் தேறி வர ஊருக்கே நாளாயிற்று. கடைகளில் சைகையால் சாமான் வாங்கினார்கள். செண்பகவல்லி தன் ஆய்வை எழுதி முடித்து அனுப்பினாள். அதில் அந்த ஐப்பசியின் அளவுகளைச் சேர்க்கக் கூடாதென்று மேலிடத்தில் சொன்னார்கள், அவள் வாதாடவில்லை. சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் கோடு மேல்நோக்கித்தான் போயிற்று.

கார்த்திகை கடைசியில் ஒருநாள் மழை வந்தது. சனங்கள் பழக்கத்தில் வெளியே வந்து வானத்தைப் பார்த்து நின்றார்கள். நனைந்தார்கள். பஸ் மரத்தடியில் காதுகொடுத்துக் கேட்டார்கள், பள்ளிவாசல் முற்றத்தில் கேட்டார்கள், வாய்க்கால் கரையில் கேட்டார்கள். ஒன்றும் இல்லை. அது இதற்கு முன் எங்கும் பெய்யாத மழை. ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய்த் தலையைத் துவட்டிக்கொண்டார்கள்.

ஆவுடையப்பன் மட்டும் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தான். மேட்டிலிருந்து இறங்கிய நாளிலிருந்து அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. செண்பகவல்லி துண்டோடு போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அவ்வளவு தூரத்துக்கு" என்றான் அவன், வானத்தைப் பார்த்தபடியே. "அவளுக்குக் கேட்டிருக்குமா?"

கீழே பள்ளத்துக்கும் மேட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியும். அன்றைய காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று தெரியும். போன நாள் திரும்பிக் கேட்காது என்றும் தெரியும்.

"கேட்டிருக்கும்" என்றாள்.

அவன் தலையைக் குனிந்து கொடுத்தான். அவள் துவட்டிவிட்டாள். மழை வலுத்தது, தகரத்தில் அதன் சத்தம் பெரிதாகி, அடுத்த கொட்டகையிலிருந்து மைதீன் பாத்து ஏதோ கேட்டது இவர்களுக்கு விளங்கவில்லை, "என்னக்கா?" என்று செண்பகவல்லி உரக்கக் கேட்டாள். ஒழுகுதா என்றுதான் கேட்டிருக்கிறாள். ஒழுகத்தான் செய்தது. ஆவுடையப்பன் ஆணிகளைத் தேடிக்கொண்டு உள்ளே போனான்.